அக்காவின் வலது கை

அக்கா,

இன்று காலை ரவாங் டவுனில் பல் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். உதடு மரத்திருந்தது. குடித்த தேநீர் மோவாயில் வழிந்து புடவையை நனைத்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அறிந்தேன். தொட்டால் யாருடைய உதடோ போலிருந்தது. மத்தியானத்துக்குள் சரியாகிவிடும் என்று எனக்குத் தெரியும். உனக்கு அப்படி யாராலும் சொல்ல முடியவில்லை.

அது எண்பதுகளின் நடுப்பகுதி. கோலா சிலாங்கூர் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில், உன் லயத்து வீட்டில் நானும் இருந்தேன். குளிக்கிற இடத்துப் பாசியில் வழுக்கி விழுந்தாய். கையிலிருந்த எண்ணெய்ப் போத்தல் உடைந்து வலது மணிக்கட்டை ஆழமாக அறுத்துவிட்டது. தோட்டத்து லோரியில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அறுந்த நரம்பைச் சேர்த்துத் தைத்தார்கள்.

“நரம்பு மெதுவாத்தான் வளரும்மா. எவ்வளவு உணர்ச்சி திரும்பும்னு இப்பச் சொல்ல முடியாது,” என்றார் டாக்டர்.

கட்டுப் பிரித்த பிறகு விரல்கள் மடங்கின. ஆனால் உள்ளங்கையும் கட்டைவிரல் பக்கத்து விரல்களும் எதையும் அறியவில்லை. ஒருநாள் சூடான தோசைக்கல்லில் விரலை வைத்துக்கொண்டே என்னோடு பேசிக்கொண்டிருந்தாய். தீய்ந்த வாடை வந்து நான் கத்திய பிறகுதான் கையை எடுத்தாய். கொப்புளத்தை அடுத்தவர் காயம் மாதிரி பார்த்தாய்.

அப்புறம் உன் மகள் பாப்பாவுக்கு வந்த காய்ச்சல். அவளுக்கு அப்போது ஒரு வயது. வழக்கம்போல் வலது கையை அவள் நெற்றியில் வைத்து, “ஒண்ணும் இல்லடி, தூங்கட்டும்,” என்றாய். கொஞ்ச நேரத்தில் அவளுக்கு வலிப்பு வந்தது. தூக்கினேன், உடம்பு கொதித்தது. பிழைத்துக்கொண்டாள். ஆனால் அன்றோடு அந்தக் கையால் நீ அவளைத் தொடுவதை விட்டுவிட்டாய்.

“இது என் கை இல்லடி. சும்மா தொங்குது.”

ஆஸ்பத்திரித் தாதி சொல்லிக்கொடுத்தபடி உன்னைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சையும் பித்தானையும் உன் விரல்களில் வைப்பேன். நடுவிரலைத் தொட்டால் குத்துமதிப்பாகக் கட்டைவிரல் என்பாய். மாதங்கள் போனபின் ஊசி குத்துவது போல வலி வந்தது. துணி பட்டால்கூடத் துடித்தாய். “அது நல்ல அறிகுறிதான்லா, அக்கா,” என்று டாக்டர் சொன்னதையே நானும் சொன்னேன். “உனக்கு வந்தாத் தெரியும்,” என்று பஞ்சை வீசி எறிந்தாய். உன் வலியில் ஒரு துளியைக்கூட என்னால் வாங்கிக்கொள்ள முடியவில்லை.

ஒரு சாயங்காலம் பாப்பாவைக் குளிப்பாட்டி உன் மடியில் வைத்தேன். அவள் உன் வலது கையைப் பிடித்துத் தன் காதில் வைத்துக்கொண்டாள். நீ அப்படியே உறைந்துபோனாய்.

“காது ஜில்லுனு இருக்குடி!”

இருவரும் அழுதோம். எல்லாம் திரும்பிவிடும் என்று நம்பினோம். சூடும் குளிரும் வலியும் வந்தன, அதோடு நின்றுவிட்டது. ஒரே ஒருமுறை அந்தக் கையால் அவள் தலைமுடியை வருடிவிட்டு, “முடியா துணியான்னு தெரியலியே,” என்று முணுமுணுத்தாய். கடைசிவரை தெரியவேயில்லை.

உன் கருமாதி முடிந்த மறுநாள் உன் மகள் என்னிடம் கேட்டாள். “சின்னம்மா, அம்மா ஏன் என்னை எப்பவுமே இடது கையாலதான் தடவுவாங்க? என்மேல ஏதாச்சும் கோபமா?”

நாற்பதை நெருங்குகிற பெண், அக்கா. இத்தனை வருஷமாக இதை மனசில் வைத்திருந்திருக்கிறாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழுதுகொண்டே, “என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே,” என்றாள். நீ சொல்லியிருக்க வேண்டியதை நான் சொல்லிவிட்டேன். ஏன் அவளிடம் சொல்லாமலே போனாய் என்பதை மட்டும் நீதான் சொல்ல வேண்டும், அக்கா.