நான் எடுக்காத அந்த ஒரு வரி

அடியே மௌலா அலிக்காரி,

இன்று காலை ஆபீஸில் புது கேபிள் பெட்டி ஒன்றைப் பிரித்தார்கள். மேலுறையைச் சீவியதும் அந்த பிளாஸ்டிக் வாசனை குப்பென்று வந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கோ உங்கள் வீட்டு முன்னறை ஞாபகம் வந்துவிட்டது. நீ போய் எட்டு மாதம் ஆகிறது. உன்னிடம் நேரில் சொல்லியிருக்க வேண்டியதை இப்போதாவது எழுதிவிடுகிறேன்.

நாம் சந்தித்ததே ஓசி வகுப்பில்தான். மாடிக்கு மாடி கம்ப்யூட்டர் வகுப்பு நடக்கும் அமீர்பேட்டில் எந்த இன்ஸ்டிட்யூட்டிலும் முதல் மூன்று நாள் டெமோ, இலவசம். நான் திண்டுக்கல்லிலிருந்து கெமிஸ்ட்ரி பட்டத்தோடு வந்து லேடீஸ் ஹாஸ்டலில் இறங்கியவள். நீ மௌலா அலி வீட்டிலிருந்து தினமும் பஸ் ஏறி வருபவள். இருவரும் சேர்ந்து ஏழு இன்ஸ்டிட்யூட் டெமோவில் உட்கார்ந்தோம். எல்லா இடத்திலும் நெட்வொர்க்கின் ஏழு அடுக்கில்தான் ஆரம்பிப்பார்கள். நாலாம் நாள் பணம் கட்டச் சொல்வார்கள், நாம் அடுத்த மாடிக்குப் போய்விடுவோம். ஏழு அடுக்கும் தலைகீழாகத் தெரியும், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. ஒரு சார் நம்மை அடையாளம் கண்டு, "மறுபடியும் நீங்களா?" என்று கேட்டார். நீ கொஞ்சமும் கூசாமல், "போன தடவை சரியாப் புரியல சார்" என்றாய். என்னால் சிரிப்பை அடக்கமுடியவில்லை.

அப்புறம் எந்தப் பரீட்சை எழுதுவது என்பதில் நமக்குள் பெரிய சண்டை. ஹாஸ்டலில் எல்லோரும் பெரிய ரூட்டர் பரீட்சையான சிசிஎன்ஏ, சிசிஎன்ஏ என்று ஜபம் செய்தார்கள். நீ மட்டும் அடிப்படைப் பரீட்சையான நெட்வொர்க் ப்ளஸ் போதும் என்று உன் உருது கலந்த தமிழில் அடித்துச் சொன்னாய்.

"கைக்கூ, எதுக்கு இவ்ளோ அவசரம் உனக்கு? வயருக்குள்ள என்ன இருக்குன்னே நாம பார்த்ததில்ல. அதுக்குள்ள ரூட்டர் வேணுமா? முதல்ல அடிப்படை படிப்போம்டி."

"உனக்கென்ன, உன் வீடு இங்கயே இருக்கு. எங்கப்பா பொங்கல் வரைக்கும்தான் டைம் குடுத்திருக்காரு. அதுக்குள்ள வேலை கிடைக்கலைன்னா மூட்டையைக் கட்டணும். சின்னப் பரீட்சை எழுதிட்டு எவன்கிட்டப் போய் நிக்கிறது?"

"நக்கோன்னா நக்கோ, வேணாம். நீ எழுதிக்கோ, நான் வரல."

வராமலே இருந்தாய். நான் ஜெராக்ஸ் கடையில் டம்ப்ஸ் வாங்கினேன். பரீட்சையில் வரப்போகும் கேள்வியும் பதிலுமாக ஒரு கட்டு. இருபது நாள் மனப்பாடம். பள்ளியில் செய்யுள் ஒப்பித்த வாய்தானே, கடகடவென்று வந்தது. பாஸானேன், அதுவும் நல்ல மார்க்கில். ஹாஸ்டலுக்கே லட்டு கொடுத்தேன். நீயும் ஒன்று தின்றாய்.

பயோடேட்டாவில் அந்த வரியைத் தடித்த எழுத்தில் போட்டுக்கொண்டு மூன்று இன்டர்வியூ போனேன். மூன்றிலும் அந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான் என்னை வறுத்தெடுத்தார்கள். ஒருவர் கேட்டார்: "ஒரு கம்ப்யூட்டர்ல நெட் வரல. முதல்ல என்ன பார்ப்பீங்க?" நான் டம்ப்ஸின் ஏதோ ஒரு பக்கத்திலிருந்து ரூட்டர் கட்டளைகளை ஒப்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வயர் செருகியிருக்கான்னு பார்க்கமாட்டீங்களா அம்மா?" என்றார். அன்று பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன்.

நீயோ அதற்குள் உன் சின்னப் பரீட்சையை எழுதி, செகந்திராபாத்தில் ஒரு கம்பெனியில் சப்போர்ட் வேலையில் சேர்ந்துவிட்டாய். எனக்குப் பொறாமையாக இருந்தது, பொய் சொல்வானேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் நீதான் என்னை வீட்டுக்கு இழுத்துப்போனாய். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்த உன் அப்பா, கேபிளைத் துண்டு துண்டாக நறுக்கி முன்னறையில் நம் முன்னால் போடுவார். ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம் என்று எட்டு கம்பிகளையும் வரிசையாகக் கோத்து, முனையில் கனெக்டரை வைத்து அழுத்தவேண்டும். என் விரலில் கொப்புளம் வந்தது. "பரவால்ல, இன்னொண்ணு போடு" என்பாய். உன் அம்மா, "சோத்தைத் தின்னுட்டு அந்தக் கம்பியைக் கோர்த்துக்கோங்கடி" என்று சமையலறையிலிருந்து கத்துவார்.

மார்கழி பிறந்தபோது உன் ஆபீஸில் ஒரு இடம் காலியானது. என் பயோடேட்டாவை நீயே கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொன்னாய். ஒரே ஒரு நிபந்தனை.

"அந்த சிசிஎன்ஏ வரியை எடுத்துடு. எங்க மேனேஜருக்கு டம்ப்ஸ் ஆளுங்கன்னாலே ஆகாது. அது உனக்குத் தெரியாத விஷயம்டி, தெரியாததை எழுதாத."

"சரி" என்றேன். மறுநாள், "எடுத்துட்டேன்" என்றும் சொன்னேன். எடுக்கவில்லை. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அந்த வரியை அழிக்கப் போனேன், கை வரவில்லை. அதை எடுத்துவிட்டால் காகிதத்தில் கெமிஸ்ட்ரியைத் தவிர வேறென்ன இருக்கிறது? பிரிண்ட் எடுத்து, நீ பார்த்துவிடக் கூடாதென்று கவரை நன்றாக ஒட்டி உன் கையில் கொடுத்தேன்.

இன்டர்வியூவில் மேனேஜர் ரூட்டர் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கேபிளையும் கருவியையும் மேஜையில் வைத்து, "போடுங்க" என்றார், அவ்வளவுதான். போட்டேன். வேலை கிடைத்தது. பொங்கலுக்கு ஊருக்குப் போனேன், மூட்டையைக் கட்டிக்கொண்டு அல்ல. என் அதிர்ஷ்டம் என்று நினைத்தேன்.

அதன்பின் எத்தனை வருஷம் ஒரே ஆபீஸில் இருந்தோம்! புதிதாக யார் சேர்ந்தாலும் நீ என்னைக் காட்டி, "இவளை மாதிரி நேர்மையா பயோடேட்டா எழுதணும், ஹவ், ஆமா!" என்பாய். எனக்கு உள்ளே குறுகுறுக்கும். இன்று சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று தள்ளிப்போட்டேன். நான் வேறு கம்பெனிக்கு மாறினேன். உனக்கு நோய் வந்தது. ஆஸ்பத்திரியில் உன் கையைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தேன். நீ, "வாயை மூடு, அந்த ஆரஞ்சை உரிச்சுக் குடு" என்றாய்.

உன் பதின்மூன்றாம் நாள் காரியத்துக்கு அந்த மேனேஜர் வந்திருந்தார். என் பக்கத்தில் உட்கார்ந்து தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தவர் சொன்னார்: "உங்க கவரை அந்தப் பொண்ணு முன்னாடிதான் பிரிச்சேன். சிசிஎன்ஏன்னு பார்த்ததும், டம்ப்ஸ் கேஸ், வேண்டாம்னு திருப்பிக் குடுத்தேன். எட்டிப் பார்த்துச்சு. முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு. அப்புறம், 'டம்ப்ஸ்தான் சார். ஆனா நல்லா கேபிள் போடுவா. ரூட்டர் பத்திக் கேக்காதீங்க, ஒரு கேபிளைக் குடுத்துப் பாருங்க. சரியா வரலைன்னா என்னையும் அனுப்பிடுங்க'ன்னு சொல்லிட்டு அங்கேயே நின்னுச்சு."

பந்தியிலிருந்து எழுந்துபோய், உன் வீட்டுப் பின்பக்கம் நின்று வாய்விட்டு அழுதேனடி. அன்றைக்கே உனக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாவி, தெரிந்துகொண்டே அல்லவா என்னை ஊரறிய நேர்மையானவளாக்கி வம்புக்கு இழுத்திருக்கிறாய்!

அப்போது நீ வேலையில் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. உன்னிடம் பொய் சொன்ன ஒருத்திக்காக அந்த வேலையையே பணயம் வைத்தாய். அதற்குப் பிறகு நான் நிஜமாகவே படித்தேன், அந்தப் பெரிய பரீட்சையை மறுபடி ஒழுங்காக எழுதினேன், எத்தனையோ சான்றிதழ் வாங்கினேன். ஆனால் எங்காவது பயம் வரும்போது எனக்குத் தெம்பு தருவது அவை எதுவும் அல்ல. நான் பொய்க்காரி என்று தெரிந்த பிறகும், என்னை நம்பலாம் என்று ஒருத்தி சொல்லியிருக்கிறாள். அதை வைத்துக்கொண்டுதான் இன்னும் நடமாடுகிறேன்.