முப்பத்தொன்பது வயதின் வரைபடம்

மார்ச் 4, 2024, திங்கள்
நான் வேலை பார்க்கும் எம்.ஆர்.ஐ. அறையில் இன்று நான்கு பேர். எல்லாம் டாக்டர் மரியஜானின் ஆராய்ச்சிக்கு. வயதாக ஆக ஆண்களின் விரைகள் எப்படி மாறுகின்றன என்று, ஊசி குத்தாமல் உள்ளே இருக்கும் ரசாயனங்களை வரைபடமாக எடுத்துப் பார்க்கிறார். கோலின் என்று ஒன்று. விந்தணு நன்றாக உண்டானால் வரைபடத்தில் கோலினின் முகடு உயர்ந்து நிற்கும், வயதானால் தாழும். எழுபத்தாறு வயது ரப்பர் தோட்டக்காரருக்குக்கூட சிறியதாக ஒரு முகடு இருந்தது. முப்பதுகளில் உள்ள ஒருவர் நாளை வரமாட்டாராம். “நீயே கெடந்துரு மக்கா, உனக்கு முப்பத்தொம்பதுதானே” என்றார் டாக்டர்.

மார்ச் 5
படுத்தேன். கூட வேலை செய்யும் ஜெபிஷ் மெஷினை இயக்கினான். எழுந்து வந்து திரையைப் பார்த்தேன். முகடு இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கோடு.
“அசைஞ்சிட்டீங்களாண்ணா?”
அசைந்திருப்பேன் என்றேன். அசையவில்லை.

மார்ச் 6
மறுபடி எடுத்தோம். அதே கோடு.
டாக்டர் கதவைச் சாத்தினார். “இது ஆராய்ச்சிக்குள்ளது. இத வச்சு உறுதியா ஒண்ணும் சொல்ல முடியாது. பிள்ளை இல்லேல்லா? விந்துப் பரிசோதனை எப்பம் எடுத்த?”
போன வருஷம் என்றேன். வாய் தானாகச் சொன்னது.
எடுத்ததே இல்லை. என் மனைவி சுபிதாவுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரிடமும் அதே பொய்தான் — எங்கள் ஆஸ்பத்திரியிலேயே எடுத்தேன், குறையில்லை என்று. கூட வேலை செய்கிறவர்கள் கையில் அந்தக் குப்பியைக் கொடுக்க வெட்கம். அன்று அது சின்னப் பொய்யாகத்தான் தெரிந்தது.

மார்ச் 8
ஒரு நோயாளியின் பெயரை மாற்றி அடித்துவிட்டேன்.
கல்யாணமாகி ஆறு வருஷம். சுபிதாவுக்கு எத்தனை ஊசி, எத்தனை மாத்திரை. ஒரு தடவை வயிற்றில் துளை போட்டும் பார்த்தாயிற்று. இன்னொன்று 14-ம் தேதி. மயக்க மருந்து கொடுப்பார்கள். எழுந்திருக்கவில்லை என்றால்?

மார்ச் 10, ஞாயிறு
சர்ச் விட்டு வந்ததும் அம்மா சுபிதாவிடம், “இந்த ஆப்ரேசனாவது பலிக்குமாட்டி? எனக்க பிள்ளைக்க விதி” என்றாள். சுபிதா மரச்சீனிக் கிழங்கின் தோலைச் சீவிக்கொண்டே இருந்தாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். ஏன் வாய் தெறக்கல? எதுக்கு பயப்படுதேன் — அவ போயிருவான்னா, நாலுபேரு சிரிப்பாங்கன்னா?

மார்ச் 12
என்னைத் தெரியாத லேபில், மார்த்தாண்டத்தில், விந்துப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். மாலையில் தாள் வந்தது. விந்தணு: இல்லை.

மார்ச் 13
சுபிதா ஆஸ்பத்திரிக்குப் போகப் பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். “நாளைக்கு போகண்டாம்” என்று தாளை நீட்டினேன். இரண்டு தடவை வாசித்தாள்.
“அப்பம் முன்ன எடுத்தது?”
“எடுக்கல.”
“எனக்க வயித்துல ஓட்டை போட்டப்பம் நீங்க வெளியதான இருந்தீங்க?”
ஆமாம் என்றேன்.
“அம்மைகிட்ட சொல்லுங்க. எனக்க முன்னால வச்சு, நான் கேக்க சொல்லுங்க.”
சொன்னேன். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். சுபிதா அந்தப் பையோடேயே பூதப்பாண்டிக்கு, அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

மார்ச் 21
சுபிதா இன்னும் என் போனை எடுக்கவில்லை.

ஏப்ரல் 2
உள்ளே எங்காவது விந்தணு இருக்கிறதா என்று விரையில் சிறு துண்டு எடுத்துப் பார்ப்பார்களாம். எனக்கு ஒன்பதாம் தேதி. அவளுக்கு மெசேஜ் அனுப்பினேன். பார்த்தாள். பதில் இல்லை.

ஏப்ரல் 9
ஏழு மணிக்கே ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றாள்.
“எனக்கு இன்னும் ஆறல” என்றாள். “வந்துட்டேன்னு ஒண்ணும் நெனைக்கண்டாம்.”
நர்ஸ் சம்மதத் தாளைக் கொடுத்தாள். சுபிதா வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். ‘உறவு’ என்ற இடத்தில் பேனா நின்றது. பிறகு ‘மனைவி’ என்று எழுதினாள். என் பக்கம் பார்க்கவில்லை.