ராணி நாற்காலி

1988 ஏப்ரல் 24, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் போதகர் என் பெயரை வாசித்தார். இந்த வருஷப் பொதுக்கூட்டத்தில் ராணி நாற்காலியில் உட்காரப் போவது நானாம்! முன்மொழிந்தவர் செயலாளர் ஆசீர்வாதம் சார். எனக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். திடீரென்று என்ன பாசம்? போகட்டும். சேக்காட்டில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் எந்தப் புடவை கட்டுவது என்ற யோசனைதான்.

ஏப்ரல் 25

புரிந்துவிட்டது. என் வீட்டுக்காரர் ஆனந்தன் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "அந்த நாற்காலில குந்துறவங்க வாயத் தொறக்கக் கூடாது. உன் வாய்க்குப் பூட்டு மாட்டிட்டாங்க, சாந்தா."

அடப் பாவி மனுஷா! குழந்தைகள் காப்பகத்துக்காக நான் கூட்டத்தில் பேசிவிடுவேன் என்று ஆசீர்வாதம் சாருக்குப் பயம். எங்கள் பாக்டரியில் யூனிபார்ம் தைக்கிற பெண்களின் குழந்தைகள் பகலெல்லாம் சர்ச் பக்க அறையில்தான் இருக்கின்றன. கன்னியம்மாள் பார்த்துக்கொள்கிறாள். அதைக் காலி செய்து விருந்தினர் அறையாக்கப் போகிறார்களாம். வருஷத்துக்கு ஒருமுறை பிஷப் வருகிறார், சாப்பிட்டுவிட்டு மத்தியானமே கிளம்பிவிடுகிறார். அவருக்கு எதற்கு அறை?

என்னோடு தைக்கிற ரசூல் பீவியின் பெண் குழந்தையும் அங்கேதான். அந்த அறை போனால் அவள் வேலையை விட வேண்டியதுதான், பார்த்துக்கொள்ள வேறு ஆள் கிடையாது. இன்று தைத்துக்கொண்டே அழுதாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் இரண்டு ஊசி உடைந்தது.

மே 1, ஞாயிறு

விலகிக்கொள்கிறேன் என்று சொல்லத்தான் போதகரிடம் போனேன். அவர் நாற்காலியின் கதையைச் சொன்னார். யுத்த காலத்தில் ஆவடி கேம்புக்கு வந்த ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஒருவர் தொடங்கிய வழக்கமாம். அவர்கள் நாட்டில் திருச்சபையின் பெருங்கூட்டத்துக்கு ராஜாவோ ராணியோ தங்கள் சார்பில் ஒருவரை அனுப்புவார்களாம். அவர் மேல்மாடத்தில் உட்கார்ந்து வாழ்த்துச் சொல்லலாம், விவாதத்தில் மூச்சு விடக்கூடாது. சபைக்குள் அரசருக்கு அதிகாரம் இல்லை என்று காட்டத்தான். சுதந்திரத்துக்குப் பிறகு இங்கே ராஜா ராணி போய்விட்டார்கள், நாற்காலி மட்டும் தங்கிவிட்டது.

"இப்ப நீங்க வெளியில இருக்கிற ஜனங்களோட பிரதிநிதிம்மா" என்றார்.

"வெளியிலன்னா ரசூல் பீவியும் சேர்த்தியா ஐயா?"

"சேர்த்திதான்."

அப்படியென்றால் நான் ஏன் விலகணும்? மாட்டேன்.

மே 8, ஞாயிறு

ஒத்திகை. தோளில் சிவப்புப் பட்டை. வெளிப் படிக்கட்டு வழியாகத்தான் மாடத்துக்கு ஏற வேண்டும், கூட்டத்துக்குள் கால் வைக்கக்கூடாது. கடைசியில் பிரதிநிதி எழுந்து நின்றால்தான் கூட்டம் முடிந்ததாக அர்த்தம். அதுவரை போதகர் ஆசி கூற முடியாது, ஒருவரும் வெளியே போகக்கூடாது. போன வருஷம் ஞானமுத்துப் பெரியவர் மேலே தூங்கிப்போய், அவரை எழுப்புவதற்குள் பிரியாணி ஆறிவிட்டது.

"நீங்க தூங்கிடாதீங்கம்மா" என்றார் ஆசீர்வாதம் சார். சிரித்துவைத்தேன்.

மே 15

எனக்குப் பதிலாகப் பேச, பக்கத்து மெஷின் தேன்மொழி ஒப்புக்கொண்டாள். அவளுக்கு மைக்கைக் கண்டாலே உதறல். கடவுளே, நீர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மே 22, ஞாயிறு

ராத்திரி வெகு நேரமாகிவிட்டது. ஆனாலும் எழுதியே ஆகணும்.

பச்சைப் பட்டு, மேலே சிவப்புப் பட்டை. கீழேயிருந்து ஆனந்தன் பார்த்த பார்வை — கல்யாணத்தன்றுகூட மனுஷன் அப்படிப் பார்த்ததில்லை. வாழ்த்துச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

அறை விஷயம் வந்தது. தேன்மொழி எழுந்து, "ஐயா, வந்து..." என்றாள்.

"நேரமாச்சும்மா, அப்புறம் பாத்துக்கலாம். யாருக்கும் ஆட்சேபணை இல்ல" என்று ஆசீர்வாதம் சார் அடுத்த விஷயத்துக்குத் தாவிவிட்டார். அவள் உட்கார்ந்துவிட்டாள். அவ்வளவுதானா? எனக்கு நாக்கு துடித்தது. நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

கடைசிப் பாட்டும் முடிந்தது. எல்லோரும் அண்ணாந்து என்னைப் பார்த்தார்கள்.

நான் எழுந்திருக்கவில்லை.

திட்டம் போட்டுச் செய்தேனா? சத்தியமாக இல்லை. கால் எழ மாட்டேன் என்றது, நானும் அதை வற்புறுத்தவில்லை.

"அம்மா, எழுந்திருங்க" என்றார் ஆசீர்வாதம் சார். பிறகு, "தூங்குறாங்களா பாருங்கப்பா." கண்ணை நன்றாக விரித்துக் காட்டினேன். "என்னதான் வேணும், சொல்லுங்களேன்!" என்றார். சிவப்புப் பட்டையைத் தொட்டுக் காட்டிவிட்டு, வாய்மேல் விரலை வைத்தேன். பேசக்கூடாதே! யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

ஜன்னல் வழியாகப் பிரியாணி வாசனை வேறு. சமையல் ரசூல் பீவியின் வீட்டுக்காரர் ஹாஜா மொய்தீன் பாய். தம் போட்டதைத் திறந்துவிட்டார் போல! பசியில் பிள்ளைகள் சிணுங்க ஆரம்பித்தன. அப்போது ஆனந்தன் எழுந்து, "அது எழுந்துக்காது சார். கட்டிக்கினதுலேர்ந்து பாக்குறேன்" என்றாரே பார்க்கணும், சபையே சிரித்தது.

போதகர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: "கூட்டம் இன்னும் முடியல. அறை விஷயத்தை மறுபடி எடுப்போம். தேன்மொழி, பேசுங்கம்மா."

நடுங்கிக்கொண்டேதான் பேசினாள். ஆனால், "புள்ளைங்கள எங்க சார் போடுறது, மெஷினுக்கு அடியிலயா?" என்று கேட்டுவிட்டாள்! கை தூக்கச் சொன்னார்கள். பெண்கள் பக்கம் முழுக்கத் தூக்கியது, ஆண்கள் பக்கத்திலும் பாதிக்கு மேல். அறை குழந்தைகளுக்கே!

அப்புறம்தான் எழுந்தேன். கால் மரத்துப்போயிருந்தது, தூணைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடிந்தது.

வாசலில் ரசூல் பீவி கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னாக்கா, உள்ள அவ்ளோ நேரம் இன்னா பேசுன?"

"ஒண்ணுமே பேசலடி."

"யாரு, நீயா? சும்மா கதை வுடாத!"

மே 23

பிரியாணி அளவு மீறிவிட்டது. இன்று ஓமத் தண்ணீர் மட்டும்.

1989 ஏப்ரல் 23, ஞாயிறு

ரசூல் பீவியின் பெண் இப்போது ஓட ஆரம்பித்துவிட்டாள், பின்னால் ஓடிக் கன்னியம்மாளுக்கு மூச்சு வாங்குகிறது. இந்த வருஷப் பிரதிநிதியின் பெயரை இன்று வாசித்தார்கள்: ஆசீர்வாதம் சார். முன்மொழிந்தது கமிட்டியின் புது உறுப்பினர், அதாவது அடியேன்.

ஆராதனை முடிந்து கேட்டருகே காத்திருந்தார். "மேல ரொம்ப நேரம் உக்காந்தா கால் மரத்துப் போகுமாம்மா?"

"காரியம் முடியிற வரைக்கும் தெரியாது சார்" என்றேன். "எழுந்து நிக்கும்போதுதான் தெரியும்."