நானில்லை, நானோ

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் உங்கம்மாவும் இங்கே சுகம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே எங்களைவிட ஒரு படி கூடுதல் சுகமாக இருக்க வேண்டும். கையெழுத்தைப் பார்த்துத் திகைக்காதே, நானேதான். இதுவரை நான் சொல்லச் சொல்ல உங்கம்மா எழுதினாள், பாதியை அவள் இஷ்டத்துக்கு மாற்றியும் எழுதினாள். முதியோர் வகுப்பில் சேர்ந்த எட்டாம் மாதம் இந்த முதல் கடிதம், மூன்று நாளாக எழுதுகிறேன்.

அவளை வைத்துக்கொண்டு சொல்ல முடியாத ஒன்று இருந்தது, போனிலும் பக்கத்திலேயே நிற்பாள். போன தடவை வந்த காய்ச்சலுக்குப் பிறகு எனக்கு வாசனையே தெரியவில்லை. ஐஸ் கம்பெனியில் முப்பது வருஷமாக அமோனியா கசிந்தால் முதலில் சொல்கிறவன் நான், அதனால்தான் மூக்கர் என்ற பெயர். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு மூக்கு போச்சு என்று எந்த வாயால் சொல்வேன். சொல்லாமல் இருந்தது தப்பு, என்னை நம்பி உள்ளே பதினோரு பேர்.

அமோனியா கசிந்தால் கத்தும் என்று நீ செய்து அனுப்பிய பெட்டியை இயந்திர அறையில் மாட்டினேன். மேலே நீ எழுதியதை நா, னோ என்று கூட்டிப் படித்து, இது என்ன, நானோ நீயோ என்று என்னிடம் போட்டிக்கு வருகிறதே என்று நினைத்துவிட்டேன். நானோ என்றால் முடியின் தடிமனில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு, அத்தனை பொடித் துகளில் அமோனியா பட்டால் மின்சாரம் ஓடுவது மாறும், அது எண்ணாகத் தெரியும் என்று பிறகு நீ சொன்னாய். ஆனால் தரை கழுவின ஈரத்துக்கும் இரண்டு தடவை கத்தியது, இயந்திரம் பழுது பார்க்கிற பிட்டர் பையன் அதற்கு அழுமூஞ்சி என்று பெயர் வைத்தான்.

போன செவ்வாய் மத்தியானம் மறுபடி கத்தியது. அறையில் என்னோடு இருந்தது பிட்டர் மட்டும், அவனுக்கோ ஜலதோஷம். அழுமூஞ்சியை விடுங்க, உங்க மூக்கு என்ன சொல்லுது மூக்கரேன்னு கேட்டான். என் மூக்கு ஒன்றும் சொல்லவில்லை. தரை காய்ந்து கிடந்தது. எண் பதினெட்டு, இருபத்திரண்டு என்று ஏறியது. கீழே நீ ஒட்டிய சீட்டைப் படித்தேன், இருபத்தைந்தைத் தாண்டினால் வெளியே போங்க அப்பா. போன வருஷமாக இருந்தால் இது எனக்கு வெறும் கிறுக்கல். எல்லாரையும் வெளியே விரட்டிவிட்டேன். முகமூடி மாட்டிப் போனவர்கள் நனைத்த சிவப்பு லிட்மஸ் தாளைக் காட்ட, வால்வு ஓரத்தில் அது நீலமாகிவிட்டது, அமோனியாவேதான்.

மேலாளர் வந்து, மூக்கரே, நீங்கதான் கண்டுபிடிச்சீங்களாமே என்றார். நானில்லை ஐயா, நானோ என்றேன். புரியாமல் முழித்தார். எல்லார் முன்னாலும் உள்ளதைச் சொல்லிவிட்டேன். வேலையை விட்டு நிறுத்துவார் என்று நினைத்தேன், மணிக்கு ஒரு தடவை எண்ணைப் படித்து எழுதி வையுங்க என்றார். படிக்க, எழுத! வீட்டில் உங்கம்மாவிடம் சொன்னால், பால் தீய்ந்த வாசனைகூடத் தெரியாமல் நீங்க அடுப்புப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த அன்றைக்கே எனக்குத் தெரியும் என்கிறாள்.

நேரத்துக்குச் சாப்பிடு, கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. ஈரத்துக்கும் அமோனியாவுக்கும் வித்தியாசத்தை அந்தப் பெட்டிக்குச் சொல்லிக்கொடு, மறக்காதே. இருவரும் நிறைவாக நீடூழி வாழ்க. மூக்கர் பட்டத்தை இப்போது பெட்டிக்குக் கொடுத்துவிட்டார்கள், அதைப் பெற்றவள் நீ என்பதால் எனக்கும் புதுப் பெயர் வந்துவிட்டது.

இப்படிக்கு,
உன் அப்பா,
மூக்கருக்குத் தாத்தா
(கைநாட்டு இல்லை, கையெழுத்து)