மூன்று மாதக் கோச்சி

பெப்ரவரி 4, 2025
படகு இயந்திரம் ஒன்றோடு மல்லுக்கட்டியதிலேயே பொழுது போய்விட்டது. மாலையில் பக்கத்து வளவு விஜிதரன் வந்தான். வரும் திங்கள் முதல் காலையும் மாலையும் மட்டக்களப்புக்குப் புது ரெயில்பஸ், தண்டவாளத்தில் போகும் சின்னக் கோச்சி, ஓடுமாம், எங்கள் தரிப்பிடத்திலும் நிற்குமாம். மூன்று மாதம் பரீட்சார்த்தம். ஆட்கள் ஏறினால் தொடரும், இல்லாவிட்டால் இல்லை. இப்படி எத்தனையைப் பார்த்துவிட்டோம் என்று சொல்லி அனுப்பினேன்.

கேதீஸ்வரி உள்ளேயிருந்து கேட்டிருக்கிறாள். "வாசல் அகலமா எண்டு கேட்டீங்களா அப்பா?"

கேட்கவில்லை.

பெப்ரவரி 10
அகலம்தான்.

பதினொரு வயதில் முந்திரிகை மரத்தால் விழுந்தவள். எட்டு வருடமாகச் சக்கர நாற்காலி. அதைக் கண்டால் பஸ்காரர்கள் நிறுத்தமாட்டார்கள். தினமும் ஆட்டோவில் பட்டணம் போய்வர எனக்குக் கட்டாது. அதனால்தான் கணினி வகுப்பு இரண்டு வருடமாக வாயளவில் இருந்தது. இன்று ரெயில் கார்ட் றவூப், ஏறாவூர்காரர், தானே இறங்கி வந்து நாற்காலியின் முன்பக்கத்தைத் தூக்கினார். எங்கள் தரிப்பிடத்தில் கவுண்டர் இல்லை, அவரிடம்தான் ரிக்கற் எடுக்க வேண்டும். காசை நீட்டினேன்.

"வைங்க அண்ணன். பிள்ளைக்கு என்ன ரிக்கற்? உங்களுக்கும் வேணாம்."

ஒருமுறை மறுத்தேன். ஒரேயொரு முறை.

வாவியைக் கண்டதும் கேதீஸ்வரி பேச்சை நிறுத்திவிட்டாள். பட்டணம் வரும்வரை அதையே பார்த்துக்கொண்டு வந்தாள். நேரே போய் வகுப்பில் பெயர் பதிந்தோம்.

பெப்ரவரி 24
இன்று தனியாகப் போனாள். ஏறாவூரில் ஏறும் நிஸ்றாவும் அதே வகுப்புத்தான், இறங்கியதும் தள்ளிக்கொண்டு போவாளாம். கோச்சி போன பிறகும் நான் தண்டவாளத்தோரம் மடையன் மாதிரி கால்மணி நேரம் நின்றேன். சந்தோசம். வேறென்ன எழுத.

மார்ச் 6
றவூபுக்கு இரண்டு பாரை மீன் கொடுத்தேன். வேண்டாம் வேண்டாம் என்றுவிட்டு வாங்கிக்கொண்டார்.

மார்ச் 19
என்னைப் பார்த்து ஊரே தொடங்கிவிட்டது. விஜிதரன் றவூபுக்குத் தயிர்ச்சட்டி கொடுக்கிறான். இன்னொருவர் பயிற்றங்காய்க் கட்டு. காலையில் நாற்பது பேருக்குக் குறையாமல் ஏறுகிறார்கள், ரிக்கற் எடுப்பவரைத்தான் காணோம்.

சாப்பிடும்போது கேதீஸ்வரி சொன்னாள்: "நாங்க ரிக்கற் எடுப்பம் அப்பா. அதை வச்சித்தான் ஆக்களை எண்ணுவாங்களாம். நிஸ்றா சொல்றா."

"அந்தாளுக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்? இவ்வளவு செய்யிற மனுசனுக்கு முகத்தில அடிச்ச மாதிரிப் போகும். சும்மா இரு."

சும்மா இருந்துவிட்டாள்.

ஏப்ரல் 15
நேற்று வருடப்பிறப்பு. தானே கணினியில் செய்த வாழ்த்து அட்டையைத் தந்தாள். என் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டிருந்தாள். ஓகஸ்டில் வகுப்பு முடிந்ததும் வேலைக்கு வரும்படி அச்சகக்காரர் ஒருவர் சொல்லியிருக்கிறாராம். இவளுடைய தாய் உயிரோடு இருந்திருந்தால் தெருச்சனத்தையே கூட்டியிருப்பாள்.

மே 7
றவூப் வீட்டுக்கு வந்தார். கதிரை போட்டும் உட்காரவில்லை.

"வெள்ளியோட நிப்பாட்டுறாங்க அண்ணன். மேலிடத்துக் கணக்கில நம்மட தரிப்பிடத்துக்கு ஒரு நாளைக்கு நாலு பேர்தான். நான்தான்..."

முடிக்கவில்லை. உங்கள் பிழை மட்டுமில்லை என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மே 8
விஜிதரன் மனுவுக்குக் கையெழுத்து வாங்கித் திரிகிறான். என்னத்துக்கு? ஏறின ஆக்கள் ஏறினதுக்கு என்ன அத்தாட்சி? மீன் குடுத்தன் எண்டு எழுதிறதா? பிள்ளை வாய் திறந்து சொன்னவள். நான்தான் சும்மா இரு எண்டன். நல்லவன் எண்டு பேர் எடுக்க ஆசை, வேறொண்டும் இல்ல. என்ட பிள்ளைக்கு நானே...

மே 9
கடைசி நாள். நானும் போனேன். இன்று எல்லாரும் ரிக்கற் எடுத்தார்கள். றவூப் தலை நிமிராமல் ஒவ்வொன்றாக எழுதிக் கொடுத்தார்.

மே 20
வகுப்புக்குப் பஸ்ஸில் போய்ப் பார்ப்போம் என்று இருவரும் வீதியில் நின்றோம். முதல் பஸ் நிற்கவில்லை. இரண்டாவது நின்றது. நாற்காலியைக் கூரையில் கட்டலாம், பிள்ளையைத் தூக்கி ஏற்றுங்கள் என்றான் கண்டக்டர். நான் குனிந்தேன். பஸ் முழுக்க எட்டிப் பார்த்தது.

"வேணாம் அப்பா. வீட்ட போவம்."

ஜூன் 2
வகுப்பு மிஸ் போன் எடுத்திருக்கிறார். நான் கடற்கரையிலிருந்து வந்தபோது கேதீஸ்வரி கதைத்துக்கொண்டிருந்தாள். முதுகு என் பக்கம். வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"இல்ல மிஸ், அப்பா எவ்வளவோ சொன்னவர். கடன்பட்டாவது ஆட்டோவில விடுறன் எண்டவர். எனக்குத்தான் படிப்பில விருப்பமில்லாமப் போச்சு."

அப்படி நான் ஒருநாளும் சொன்னதில்லை.

போனை வைத்துவிட்டுத் திரும்பியவள் என்னைக் கண்டாள்.

"தேத்தண்ணி போடவா அப்பா?"

ஓம் என்றேன்.