புத்தகத்தில் இல்லாத கடைசி அத்தியாயம்

என் செல்லப் பாப்பாவுக்கு,

அம்மா எழுதுறேன். இங்க எல்லாரும் சுகம், அங்க நீ சுகமான்னு ஆரம்பிச்சா, அப்பாவுக்குக் கண்ணுல ஆபரேஷன் ஆயிருக்கும்போது இதுல சுகம் எங்கேருந்து வந்ததுன்னு நீ மடக்குவ. அதனால உள்ளதைச் சொல்லிடுறேன். அப்பாவுக்கு ஒரு கண்ணு நல்லாத் தெரியுது, இன்னொண்ணு ஆறிக்கிட்டு இருக்கு, எனக்கு முழங்கால் மட்டும் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது, மத்தபடி ஒரு குறையும் இல்ல. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுறியா, இல்ல பரீட்சைப் பேப்பர் திருத்துறேன்னு டீயைக் குடிச்சே பொழுதை ஓட்டுறியா? போன தடவை அனுப்பின போட்டோவுல கழுத்து எலும்பு தெரியுது. கோட்டு போட்டு மறைச்சா அம்மாவுக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்காத.

இதையெல்லாம் போன்லயே சொல்லலாமேன்னு கேப்ப. உன் போன் வந்தா அப்பா செடிக்குத் தண்ணி ஊத்தப் போயிடுவார்னு உனக்குத் தெரியும், மூணு வருஷமா அந்தச் செடிங்களுக்கு உன் புண்ணியத்துல தண்ணிப் பஞ்சமே இல்ல. இப்ப வெயில்லயும் தூசியிலயும் போகக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டதால பக்கத்து ரூம்ல கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கார். நான் மூச்சு விட்டாக்கூட அங்க கேக்குது. அதுவும் போக, இதைப் போன்ல சொன்னா நடுவுல அழுதுடுவேன், எழுதினா அழுதாலும் உனக்குத் தெரியாது.

போன வாரம் நீ ரெண்டு கேள்வி கேட்ட. வகுப்புப் பிள்ளைங்களுக்கு, கதைகள்ல அன்பையும் வெறுப்பையும் எப்படிக் காட்டுறாங்கன்னு பாடம் எடுக்கப் போறேன், நீ அத்தனை தொடர்கதை படிச்சவளாச்சே, உனக்கு எது நிஜமாத் தெரிஞ்சுதுன்னு கேட்ட. இது முதல் கேள்வி. நல்லா கணீர்னு கேட்ட. ரெண்டாவதை மட்டும் தொண்டைக்குள்ளயே வெச்சுக்கிட்டு, லீவுக்கு வரும்போது வீட்டுக்கு வரட்டுமா, இல்ல மாமா வீட்டுல தங்கிட்டு உன்னை மட்டும் பாத்துட்டுப் போயிடட்டுமான்னு கேட்ட. நான் அப்புறம் பேசலாம்னு போனை வெச்சுட்டேன். நீ ஏதோ தப்பா நினைச்சிருப்ப, எனக்குத் தெரியும். பதில் இல்லாமத்தான் வெச்சேன், வேற ஒண்ணும் இல்ல. இப்ப ரெண்டுக்கும் சேத்துச் சொல்ல என்கிட்ட ஒண்ணு இருக்கு, பொறுமையாப் படி.

முதல்ல கதை விஷயம். நான் பஸ் ஸ்டாண்டுல அந்தக் கண்ணாடி ரூம்ல மைக்குக்கு முன்னாடி உக்காந்து பஸ் அறிவிச்சே காலத்தைத் தள்ளினவ. கதையில பிரியுறவங்க எல்லாம் கையைப் பிடிச்சுக்கிட்டு ரெண்டு பக்கத்துக்குப் பேசுறாங்க, உயிரே போற மாதிரி. நான் பாத்த ஒருத்தரும் அப்படிப் பேசினதில்ல. தண்ணி எடுத்துக்கிட்டியா, சில்லறை இருக்கா, ஜன்னல் ஓரமா உக்காரு, தலையை வெளிய நீட்டாத, இவ்வளவுதான். பஸ்ஸு திரும்பி மறையுற வரைக்கும் சிரிச்ச முகமா கையாட்டுவாங்க, மறைஞ்சதும் அடுத்தது எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாம அங்கயே நிப்பாங்க. சிலர் வேற ஏதோ பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரி பாவனை பண்ணுவாங்க. நானும் அப்படித்தான். நீ கிளம்பின அன்னிக்கு உன் பஸ்ஸை நான்தான் அறிவிச்சேன். ரெண்டு தடவை சொல்றதுதான் வழக்கம், நான் மூணாவது தடவையும் சொன்னேன். எதுக்கும்மா மூணாவதுன்னு மேனேஜர் கேட்டார். இரைச்சல்ல ஜனங்களுக்குக் கேக்கல சார்னு சொல்லிட்டேன். அன்னிக்கு நடைமேடையில பத்துப் பேர்கூட இல்ல.

சரி, அப்பா கதைக்கு வரேன். கொஞ்ச நாளைக்கு எதையும் படிக்கக் கூடாது, குனியக் கூடாது, கடைப் பக்கமே தலைவெச்சுப் படுக்கக் கூடாதுன்னு டாக்டர் கறாரா சொல்லிட்டார். கடையை மாமா பாத்துக்கிறார். பாத்துக்கிறார்னா, வர்றவங்ககிட்ட அடுத்த வாரம் வாங்கன்னு சொல்லி அனுப்புறார். மோட்டாருக்குக் கம்பி சுத்தி வார்னிஷ் பூசுற வேலை அவருக்கு எங்க தெரியும்? அப்பா ரெண்டு நாள் சும்மா இருந்து பார்த்தார், முடியல. மின்விசிறி சத்தத்தைக் கேட்டுட்டு அதுக்கு பேரிங் போச்சுன்னார், பிரிட்ஜ் சத்தத்தைக் கேட்டுட்டு அதுவும் ஒரு வருஷம்தான் தாங்கும்னார், நான் இருமினா எனக்கும் ஒரு கெடு சொல்லிடுவாரோன்னு பயமாப் போச்சு. பேப்பர் வாசிச்சுக் காட்டினேன், அது அரை மணியில தீந்துடுது. அப்புறம் அவரே சொன்னார், அந்த அலமாரியில அவ விட்டுட்டுப் போன புத்தகம் இருக்குமே, ஏதாவது ஒண்ணை எடுத்து வாசின்னு. அவ. உன் பேரைச் சொல்றதில்ல, ஆனா அவன்னா இந்த வீட்டுல ஒருத்திதான்.

நான் இருக்கிறதுலயே தடியான புத்தகமா எடுத்தேன், அட்டை கிழிஞ்சு, பென்சில்ல நீ கோடு கோடாப் போட்டு வெச்சிருப்பியே, அது. படகோட்டி ஒருத்தன், அவனோட ஒரே மகள், அவ ஆத்துக்கு அக்கரையில போய் வாழப் போறேன்னு கிளம்பிடுறா, அவன் இனி என் முகத்துலயே முழிக்காதன்னு சொல்லிடுறான். எடுத்தப்புறம்தான் ஏண்டா எடுத்தோம்னு ஆச்சு. மாத்தி எடுக்கப் போனா ஏன்னு கேப்பார், அதனால வாசிச்சேன்.

நான் வாசிக்கிற லட்சணம் இருக்கே, கேளு. ரிட்டயர் ஆயும் அந்த மைக் குரல் போகல. காதலும் ஒரே குரல், கொலையும் ஒரே குரல். அந்தப் பொண்ணும் பையனும் தோப்புல சந்திக்கிற இடத்தை நான் வாசிச்சதைக் கேட்டுட்டு, ஆமா, இவங்க எத்தனையாவது நடைமேடையில நிக்கிறாங்கன்னு அப்பா கேட்டார். கொஞ்சம் அப்படி இப்படி வர்ற பக்கங்களை நான் சத்தம் போடாம தாண்டிடுவேன். என்ன, பக்கம் ஒட்டிக்கிச்சான்னு கேப்பார். இந்த வயசுல எனக்கு இது தேவையா சொல்லு. ஆனா ஒண்ணு சொல்றேன் பாப்பா, அவர் சிரிச்சு எவ்வளவு நாளாச்சு. பக்கத்துல உக்காந்து சிரிக்கிற சத்தம் கேட்டப்ப, நீயும் இங்க இருந்திருந்தா என் குரலை அப்படியே நடிச்சுக் காட்டியிருப்பன்னு தோணுச்சு. நீ உக்கார்ற அந்த நாற்காலியை இப்பவும் நான் நகத்தல. துணி மடிச்சு வெக்கிற இடமா ஆயிடுச்சு, ஆனா நகத்தல.

அப்புறம் வெறுப்பு வர்ற இடம். படகோட்டிக்குக் கண்ணு சிவக்குது, பல்லை நறநறன்னு கடிக்கிறான், நரம்பு புடைக்குது, மகளோட துணியை எல்லாம் ஆத்துல வீசுறான், இதுவே நாலு பக்கம். நான் வாசிச்சு முடிச்சேன். அப்பா சொன்னார்: "எழுதினவனுக்கு நிஜமா கோபம் வந்ததே இல்ல போல. வெறுப்புன்னா பல்லைக் கடிக்கிறது இல்ல. சாப்பாட்டுல உப்பு இல்லன்னாக்கூட வாயைத் திறந்து கேக்காம சாப்பிட்டு எழுந்து போறதுதான்."

எனக்குச் சுருக்குன்னுது. ஏன்னா நீ போனதுலேருந்து அவர் உப்பு கேட்டதில்ல, காரம் கேட்டதில்ல, போட்டதைச் சாப்பிட்டுட்டு எழுந்துடுவார். உன்னை நினைச்சு உருகுறார்னு நான் இங்க எழுதினா நீ நம்ப மாட்ட, அம்மா கதை விடுறாங்கன்னு சொல்லுவ. அதனால நான் பாத்ததை மட்டும் சொல்றேன். அன்னிக்குக் கடையில, வாடிக்கையாளருங்க முன்னாடி, இந்த வார்னிஷ் நாத்தத்துல என் வாழ்க்கை முடிய வேண்டாம்னு நீ சொன்ன பாத்தியா, கடையை நீ பாத்துக்குவன்னு அவர் உனக்குன்னு போட்டு வெச்சிருந்த ஸ்டூலுக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு. உனக்கு வயசு அப்படி, வேலைக்கு ஆர்டர் வேற வந்துடுச்சு, வாயில வந்ததைச் சொல்லிட்ட. அதைப் பத்தி அவர் அன்னிக்கும் பேசல, இன்னிக்கும் பேசல. ஆனா அன்னிலேருந்து கடைச் சட்டையோட வீட்டுக்குள்ள வந்ததில்ல. பின்பக்கமா வந்து, சட்டையை வெளிய கொடியில போட்டுட்டு, சோப்பு போட்டு ரெண்டு தடவை கையைத் தேச்சுக் கழுவி, மோந்து பாத்துட்டுத்தான் உள்ள வர்றார். வீட்டுல மோப்பம் பிடிக்க யாரு இருக்கா? நான் மட்டும்தான், எனக்கு அந்த வாசனை கல்யாணம் ஆன நாள்லேருந்து பழக்கம். இதை எந்தக் கணக்குல சேக்கிறதுன்னு உன் பிள்ளைங்ககிட்ட கேட்டுப் பாரு. அன்பா, வெறுப்பா? எனக்குத் தெரியல.

கடைசி அத்தியாயத்துக்கு வந்தோம். அப்பா மதியம் கண்ணசந்த நேரத்துல நான் முன்கூட்டியே எட்டிப் பாத்துட்டேன். உனக்குத்தான் தெரியுமே, அந்தப் படகோட்டி செத்துப் போயிடுறான். மகள் வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுடுது, அவ வந்து விழுந்து புரண்டு அழுறா. அழகாத்தான் எழுதியிருக்கான், எனக்கே கண்ணு கலங்குச்சு, நீகூட அங்க ரெட்டைக் கோடு போட்டு வெச்சிருக்க. ஆனா அதை அவர்கிட்ட வாசிக்க எனக்கு வாய் வரல. ஆபரேஷன் ஆன மனுஷன்கிட்ட இதையா வாசிக்கிறது? அதைவிட, கேட்டுட்டு அவர் ஒண்ணும் சொல்லாம எழுந்து போயிட்டா நான் என்ன பண்றது?

அதனால சாயந்தரம் புத்தகத்தை விரிச்சு வெச்சுக்கிட்டு என் வாய்க்கு வந்ததை வாசிச்சேன். பக்கத்தை அப்பப்ப திருப்பவும் செஞ்சேன், நம்பட்டும்னு. படகோட்டிக்கு மகள் வர்ற சேதி வருது. அவன் யார்கிட்டயும் சொல்லாம சட்டையை மாத்திக்கிட்டு படகுத்துறைக்குப் போறான். அக்கரையிலிருந்து வரும் படகு இன்னும் சற்று நேரத்தில் வந்து சேரும்னு என்னையும் அறியாம சொல்லித் தொலைச்சேன், சமாளிச்சுக்கிட்டு மேல போனேன். மகள் இறங்குறா. அவன் மன்னிச்சேன்னு சொல்லல, அவளும் கால்ல விழல. சாமான் இவ்வளவுதானான்னு கேட்டு, அவ கையிலேருந்த பையை வாங்கிக்கிட்டு முன்னாடி நடக்கிறான். அவ்வளவுதான், முடிஞ்சுதுன்னு புத்தகத்தை மூடினேன். அப்பா சொட்டு மருந்து விடுற நேரமாச்சுன்னு மட்டும் ஞாபகப்படுத்தினார்.

மறுநாள் சாயந்தரம் அலமாரியிலேருந்து வேற புத்தகம் எடுக்கப் போனேன். வேண்டாம், அந்தக் கடைசி அத்தியாயத்தையே இன்னொரு தடவை வாசின்னார். எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. நேத்து உளறினது யாருக்கு ஞாபகம் இருக்கு? தைரியத்தை வரவழைச்சுக்கிட்டு ஆரம்பிச்சேன். மகள் ரெண்டு கையிலயும் ரெண்டு பையோட இறங்கினாள்னு வாசிச்சேன். அப்பா கறுப்புக் கண்ணாடியை என் பக்கம் திருப்பி, நேத்து ஒரு பைதானேன்னார்.

நான் முழிச்சேன். அப்பா சொன்னார், அந்தப் புத்தகத்தை நான் போன மாசமே கடைக்கு எடுத்துட்டுப் போய் முழுசாப் படிச்சுட்டேன், அவ எங்கெல்லாம் கோடு போட்டிருக்கான்னு பாக்கத்தான் படிச்சேன், அப்பன்காரன் செத்துப் போயிடுவான்னு எனக்குத் தெரியும்னார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒண்ணா வந்துச்சு. அப்ப தெரிஞ்சே எதுக்கு என்னை இத்தனை நாள் தொண்டை வறள வாசிக்க வெச்சீங்கன்னு கேட்டேன். அதுக்கு அவர், "நீ சொன்னதே இருக்கட்டும். வாசி"ன்னார்.

அதனால மறுபடி வாசிச்சேன் பாப்பா. இந்தத் தடவை ஒரே பை.

நீ கேட்ட ரெண்டாவது கேள்விக்கு நான் தனியா பதில் எழுத வேண்டியதில்லன்னு நினைக்கிறேன், ஆனா நீ படிச்ச பொண்ணு, எதையும் நேராச் சொன்னாத்தான் நம்புவ. வீட்டுக்கு வா. மாமா வீட்டுல கொசு அதிகம். வந்ததும் அவர் பழசை எல்லாம் பேசித் தீத்துக்குவார்னு எதிர்பாக்காத, கட்டிப் பிடிச்சு அழுவார்னும் எதிர்பாக்காத. முகத்தைக்கூடப் பாக்காம ரெண்டு நாள் போகலாம். நீ போய் கேக்காமலே பக்கத்துல உக்காரு. சட்டையில வார்னிஷ் வாசனை இருந்தா ஒண்ணும் சொல்லாத, இல்லாட்டி ஏன் இல்லன்னு கேளு. உனக்கு எப்படித் தோணுதோ அப்படிப் பண்ணு, ஆனா வா. எனக்கும் உன்னைப் பாக்கணும். மத்தவங்களுக்காகக் கேக்கிற மாதிரி எழுதிக்கிட்டே வந்துட்டேன், எனக்குத்தான் முதல்ல பாக்கணும்.

உடம்பைப் பாத்துக்கோ, தலைக்குக் குளிச்சுட்டு ஈரத்தோட குளிர்ல போகாத, பிள்ளைங்களைத் திட்டாம பாடம் எடு. எங்கே இருந்தாலும் நல்லா இரு, நல்லவங்க சுத்தியிருக்கட்டும், நினைச்சது கைகூடட்டும்.

இப்படிக்கு,
உன்னை மூணு தடவை அறிவிச்ச
அம்மா

மறந்துடாம இதுக்கு மட்டும் உடனே பதில் போடு. கடிதத்தை ஒட்டப் போகும்போது உள்ளேருந்து அப்பா குரல் கொடுத்தார். அவ வரும்போது ஒரு பையா ரெண்டு பையான்னு கேட்டு எழுதச் சொன்னார். ஒண்ணுன்னா ஸ்கூட்டர்ல முன்னாடி வெச்சுக்கலாமாம், ரெண்டுன்னா மாமாவோட வண்டியைக் கேட்டு வாங்கிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு வரணுமாம்.