பூவுக்கு அடியில் கிடந்த பித்தளை

மைசூரு
ஞாயிறு காலை

அன்புள்ள வேலாயுதம் அண்ணனுக்கு,

உமா எழுதிக்கொள்வது. அண்ணிக்கு என் அன்பு. உங்களுக்கும் அன்புதான், கூடவே கொஞ்சம் கோபமும். போனில் சொன்னால் பாதியிலேயே கத்துவீர்கள். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது பாருங்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

ஓசூரிலிருந்து நீங்கள் அனுப்பிய விண்ணப்பம் வந்தது. உங்கள் கம்பெனியில் பாதுகாப்பு அதிகாரி வேலை, ஏசி அறை, ஞாயிறு விடுமுறை. எல்லாம் நல்லதுதான். ஆனால் உங்கள் மாப்பிள்ளை கையெழுத்துப் போடவில்லை. போட வேண்டாம் என்று சொன்னது நான்.

"மெமோ வாங்குன வேலைய உட்டுத் தொலைக்கச் சொல்லு உமா, நெருப்புல நிக்கறவனுக்கு அவ்வளவுதான் மருவாதி" என்று போன வாரம் சொன்னீர்கள். அந்த மெமோ அவருக்கு வந்திருக்கவே கூடாது அண்ணா. தப்பு என்னுடையது. இதுவரை உங்களிடம் மறைத்தேன், இப்போது சொல்கிறேன்.

ஆயுத பூஜைக்கு ஊழியர் வீட்டுப் பெண்கள் எல்லோரும் அவர் வேலை பார்க்கிற பயர் ஸ்டேஷனுக்குப் போயிருந்தோம். வண்டிக்கு வாழைக்கன்று, சாமந்தி மாலை எல்லாம் கட்டியாயிற்று. கோடரி, கயிறு, ஏணி அத்தனையையும் இறக்கிச் சாமி படத்துக்கு முன்னால் அடுக்கினோம். தண்ணீர்க் குழாயின் நுனியில் மாட்டுகிற பித்தளை முனையை அவர்கள் பிராஞ்ச் என்பார்கள். இருந்த மூன்றையும் நான்தான் புளி போட்டுத் தேய்த்துக் குங்குமம் வைத்தேன். ஒன்றையாவது வண்டியில் திரும்ப வைக்கச் சொன்னார் அவர். தீபாராதனைக்கு முன்னால் எடுத்தால் ஆகாது என்று நான் பிடிவாதமாக நின்றேன். என் வாய்க்குப் பயந்து அவரும் விட்டுவிட்டார்.

கற்பூரம் ஏற்றும் முன்பே அழைப்பு வந்துவிட்டது. மூன்று தெரு தள்ளி, ஊதுபத்தி உருட்டுகிற வீடு. ஐந்தே பேர் அள்ளிப் போட்டுக்கொண்டு ஏறினார்கள். கிளம்பும் முன் சாமான்களைச் சரிபார்க்கிற கவின்ராஜ் அதற்கு முந்தின மாதம்தான் இந்த வேலையை விட்டு ஒரு மாலில் சேர்ந்திருந்தான். ஏணி வண்டியில் ஏறிற்று, கயிறு ஏறிற்று, பிராஞ்ச் மூன்றும் பூவுக்கு அடியில் கிடந்தன.

அதைப் பார்த்ததும் பூக்கூடையைக் கவிழ்த்து மூன்றையும் அதில் போட்டு ஸ்கூட்டியை விரட்டினேன். அங்கே முனை இல்லாத குழாயிலிருந்து தண்ணீர் நாலடி தள்ளித் தொப்பென்று விழுந்துகொண்டிருந்தது. அதிலேயே நனைந்துகொண்டு உள்ளே போய், அந்த வீட்டுச் சென்னம்மாவை அவர் தூக்கி வந்திருந்தார். உங்கள் மாப்பிள்ளைக்கு வலது கை முழங்கை வரை வெந்திருந்தது. பிராஞ்சை மாட்டிய பிறகும் குழாயைப் பிடிக்க ஆள் போதவில்லை. நானும் பக்கத்து வீட்டு மனிஷாவும் பட்டுப் புடவையோடு பிடித்தோம். என்ன கனம் அண்ணா அது, ஆளையே இழுக்கிறது!

விசாரணையில் அவர், "எடுத்து வைக்க மறந்தது நான்தான்" என்று சொல்லிவிட்டார். என் பேச்சையே எடுக்கவில்லை. நானே போய் ஸ்டேஷன் ஆபீசர் முரளிதரன் சாரிடம் நடந்ததைச் சொன்னேன். கொடுத்த மெமோவைத் திரும்ப வாங்க முடியாதம்மா என்றார். இருபத்து நாலு பேர் இருக்க வேண்டிய இடத்தில் பதின்மூன்று பேர்தான் இருக்கிறார்கள், உங்கள் வீட்டுக்காரர் காளிதாஸையும் ஓசூருக்கு அனுப்பிவிடாதீர்கள் என்றார். அதிகாரி என்னிடம் கெஞ்சுகிற மாதிரி இருந்தது. தெருவுக்கு இரண்டு பேரைச் சேர்த்து ஞாயிறுதோறும் தீயணைக்க உதவுகிற பயிற்சி கொடுக்க நினைத்தாராம், ஒருத்தரும் பெயர் தரவில்லையாம்.

நான் தந்தேன். கத்துங்கள், பரவாயில்லை, எனக்குக் கேட்காது. மூன்று வாரமாகப் போகிறேன். மனிஷாவும் வருகிறாள். குழாயைச் சுருட்டவும் பிராஞ்ச் மாட்டவும் இப்போது எனக்குத் தெரியும். கிளம்பும் முன் சாமான்களை எண்ணிச் சரிபார்க்கவும் கற்றுக்கொண்டேன், அதைத்தான் முதலில் கற்றுக்கொண்டேன். ஸ்டேஷனுக்குத் திரும்ப வரச் சொல்லி கவின்ராஜ் வீட்டுக்கும் இரண்டு தடவை போய்விட்டு வந்தேன். அவன் அம்மா திட்டித்தான் அனுப்பினாள். மூன்றாவது தடவையும் போவேன்.

விண்ணப்பத்தை இதோடு திருப்பி அனுப்புகிறேன். தேவைப்படுகிறவர்களுக்குக் கொடுங்கள். இங்கே ஒருத்தரும் வேலையை விடப் போவதில்லை.

உனக்குப் பயமே இல்லையா என்று அண்ணி கேட்டார்களாம். இல்லாமல் இருக்குமா? அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன் அண்ணா. அவருக்கு ஒரு போன் போடுங்கள். வேலைப் பேச்சு வேண்டாம், கை எப்படி இருக்கிறது மாப்பிள்ளை என்று மட்டும் கேளுங்கள். அவர் எடுக்கவில்லை என்றால் எங்கோ தீயணைக்கப் போயிருப்பார், உடனே என்னைக் கூப்பிடாதீர்கள். அந்த நேரத்தில் நானும் அவருக்குத்தான் போட்டுக்கொண்டிருப்பேன்.

உங்கள் பிடிவாதக்காரத் தங்கை,
உமாதேவி